ஒரே தூரம், இருவேறு காலம்

லண்டன் மாநகருக்கும் நியூயார்க்கிற்கும் இடையே ஆகாய மார்க்கமாக உள்ள தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர். போகும்போதும் வரும்போதும் அது மாறுவதில்லை. ஆயினும், லண்டனிலிருந்து மேற்கே செல்கையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் விமானம், கிழக்கே திரும்பும்போது ஏழு மணி நேரத்துக்குள்ளாகவே பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடுகிறது. தூரத்தை நிர்ணயிப்பது பூமியின் வடிவம்; காலத்தை நிர்ணயிப்பதில் வாயுமண்டலத்தின் சஞ்சாரத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

தட்டையான தேசப்படத்தில் இவ்விரு நகரங்களையும் இணைத்து நேர்க்கோடு ஒன்று வரைந்தால், அதுவே குறுக்குவழி என்று தோன்றும். ஆனால், பூகோள உருண்டையின்மேல் அவற்றுக்கிடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால், அந்நூல் நியூயார்க்கிலிருந்து நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து பிரதேசங்களின் வழியே வடக்கு நோக்கி வளைந்து, லண்டனுக்கும் வடக்கேயுள்ள அட்சரேகையைத் தொட்ட பின்னரே தெற்கே இறங்குவதைக் காணலாம். உருண்டையின் பரப்பில் மிகக் குறுகிய வழி இதுவே; இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

இனிக் காலத்தைக் கவனிப்போம். ஆற்றோட்டத்தோடு செல்லும் படகு விரைவதும், எதிர்த்துச் செல்லும் படகு தாமதிப்பதும் போலவே, விமானமும் காற்றின் பிரவாகத்துக்குக் கட்டுப்பட்டது. காற்றைப் பொறுத்து மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று பின்னிருந்து துணைசெய்தால், தரையைப் பொறுத்து அதன் வேகம் 1,050 ஆகிறது. அதே காற்று எதிர்த்து வீசினால் 750 ஆகக் குறைகிறது. வழிநெடுக இந்நிலை நீடிக்குமாயின், இரண்டு பிரயாணங்களுக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் ஏற்பட்டுவிடும்.

விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக விரையும் இப்பிரவாகத்தை ஜெட் காற்றோட்டம் என்பர். 1920களில் ஜப்பானில் பலூன்களைப் பறக்கவிட்டு மேல்வானத்துக் காற்றை அளந்த வசாபுரோ ஓயிஷி என்ற விஞ்ஞானி, தம் ஆராய்ச்சி முடிவுகளை சிலரே அறிந்த எஸ்பெராண்டோ என்னும் செயற்கை மொழியில் வெளியிட்டமையால், அவை நெடுநாள்வரை உலகின் கவனத்தைப் பெறவில்லை. 2020 பிப்ரவரியில், இக்காற்று மிகப் பலமாக வீசிய ஓர் இரவில், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட போயிங் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிஷத்தில் லண்டனை அடைந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைக் கடந்தபோதிலும், தன்னைச் சூழ்ந்திருந்த காற்றைப் பொறுத்து அது ஒலியின் வேகத்தை எட்டவே இல்லை.

ஆதலால்தான், அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் செல்லும் விமானப் பாதைகள் காற்றின் போக்கை அறிந்து நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுகின்றன. கிழக்கே செல்லும் விமானங்கள் ஜெட் காற்றோட்டத்தைத் தேடிச் சேர்கின்றன. மேற்கே செல்பவை அதனைத் தவிர்க்கும்பொருட்டுப் பெருவட்டப் பாதையைவிட்டு விலகிச் சற்று அதிக தூரம் பறக்கவும் தயங்குவதில்லை. ஏனெனில், எதிர்க்காற்று பலமாக உள்ள நாளில் குறுகிய வழியே நீண்ட நேரத்தையும் மிகுந்த எரிபொருளையும் விழுங்கிவிடும். நீண்ட வழியோ அவ்விரண்டையும் மிச்சப்படுத்தித் தரும்.