சேப்பாக்கத்தில் 12 ரன்கள்

பழைய கிரிக்கெட் ரசிகர்கள் இருவர் கூடினால், 1999 ஜனவரியில் நடந்த சென்னை டெஸ்ட் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்களில் தோற்ற ஆட்டம் அது. டெண்டுல்கர் முடித்துக் கொடுக்கவில்லை என்பார் ஒருவர். மற்றவர்கள் என்ன கிழித்தார்கள் என்பார் இன்னொருவர்.

கணக்கைப் பார்ப்போம். இலக்கு 271. 82 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள் போன நிலையிலிருந்து, முதுகுவலியோடு போராடி 136 எடுத்தார் டெண்டுல்கர். துணை நின்ற மோங்கியா 52. சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்து டெண்டுல்கர் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டவை 17 ரன்கள்தாம். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கே ரன்களில் விழுந்தன. பழியை அந்த ஓர் அடியின் மேல் மட்டும் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் அஃப்ரிடி அடித்த 141 இந்த விவாதங்களில் அதிகம் அடிபடுவதில்லை. தோல்விக்கு நம்மவர் பிழைதான் காரணமாக இருக்க வேண்டும், எதிராளியின் திறமையாக இருக்கக் கூடாது என்பது ரசிக மனத்தின் விதி போலும்!

அன்று சேப்பாக்கம் அந்த விதியை மீறியது. வென்ற பாகிஸ்தான் அணிக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்ட, அக்ரமின் அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அடுத்த மாதமே கல்கத்தாவில் ரசிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி அரங்கில் ஆட்டத்தை முடிக்க வேண்டியதாயிற்று. அங்கும் இந்தியாவுக்குத் தோல்விதான். இரண்டு ஊர்களிலும் வலி ஒன்றே. சென்னைக்காரர்கள் அந்த வலியோடே ஆட்டத்தையும் பார்த்தார்கள்.

தாராளமாக விவாதியுங்கள். 136-ஐச் சொல்லும்போது 141-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.