எழுத்துக்கு நிறம் உண்டா?

காணக் கண், கேட்கச் செவி, சுவைக்க நா என வல்ல அல்லாஹ் மனிதனுக்கு அருளிய புலன்கள் பல. செவியையும் பார்வையையும் இதயத்தையும் தந்தவனுக்கு நன்றி செலுத்துவது நம் கடமை என்பதைத் திருமறையின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயம் உணர்த்துகிறது.

இப்புலன்கள் பெரும்பாலோரிடம் தத்தம் பணியைத் தனித்தனியே செய்கின்றன. சிலரிடமோ இவை ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. எண்ணைக் கண்டால் அவர்களுக்கு நிறம் தோன்றும். ஓசையைக் கேட்டால் வண்ணம் விரியும். சிலருக்குச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நாவில் சுவை ஊறும். மருத்துவர்கள் இதனைச் ‘சினஸ்தீசியா’ என்பர். புலன் கலப்பு என நாம் கூறலாம்.

ஸ்டான்லியில் பயின்ற அறிஞர்

இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை. 1951இல் பிறந்த டாக்டர் வி.எஸ். இராமச்சந்திரன், இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். முற்காலத்தில் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வழங்கப்பட்டதும், திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் நோயென்றால் நாடிச் செல்வதும் இதனுடன் இணைந்த மருத்துவமனையே. அவர் பின்னர் கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் பேராசிரியரானார்.

“எனக்கு எண்கள் நிறமாகத் தெரிகின்றன” என்போர் கற்பனையில் பேசுகின்றனரா? இதனை அறிய அவரும் எட்வர்ட் ஹப்பார்டும் ஒரு சோதனை செய்தனர்; 2001இல் அதனை வெளியிட்டனர். கறுப்பு மையில் அச்சிட்ட பல 5களுக்கு நடுவே சில 2கள் முக்கோண வடிவில் மறைந்திருந்தன. மற்றவர்கள் தேடித் தடுமாறிய அவ்வடிவத்தை நிறம் காண்போர் திறம்படக் கண்டறிந்தனர். அவர்கள் கூறியது பொய்யன்று என்பது விளங்கிற்று.

மூளையில் எண் வடிவங்களை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் அண்டை வீடுகள் போல் அமைந்துள்ளன. அவற்றிடையே மிகுதியான இணைப்பு இருப்பதே காரணம் என்பது அவர் தரும் விளக்கம். இத்தன்மை குடும்ப வழியாகவும் தொடர்வதுண்டு. 2006இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, 100 பேரில் ஏறத்தாழ 4 பேரிடம் இதன் ஏதேனும் ஒரு வகை இருப்பதாகக் கணித்தது.

நாமும் இதற்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ‘காரமான பேச்சு’, ‘இனிய குரல்’ என்கிறோமே, பேச்சில் மிளகாயா இருக்கிறது?

பெற்றோர் கவனத்திற்கு

மக்தபில் ஓதும் பிள்ளை, “அலிஃப் சிவப்பாக இருக்கிறது, பே பச்சையாக இருக்கிறது” என்று ஒரு நாள் கூறலாம். பொய் சொல்கிறாய் என்று அதட்டுவதும், ஜின் சேட்டையென அஞ்சித் தாயத்துக் கட்ட ஓடுவதும் அறியாமை. ஒருமுறை ஏச்சு வாங்கிய பிள்ளை மறுமுறை வாய் திறவாது; தன்னிடம் ஏதோ குறை உள்ளதென்று உள்ளுக்குள் குமையும். பொறுமையாகக் கேளுங்கள். சில மாதங்கள் கழித்து மீண்டும் கேளுங்கள். அதே எழுத்துக்கு அதே நிறத்தைக் கூறினால் அது பெரும்பாலும் புலன் கலப்பே. பிறவியில் அமைந்த இதற்கு மருந்து தேவையில்லை. எழுத்துகளையும் எண்களையும் நினைவில் வைக்க இது சிலருக்கு உதவுவதும் உண்டு.

ஆயினும், தலையில் அடிபட்ட பின்னரோ, வலிப்பு கண்ட பின்னரோ, பெரியவர் ஒருவருக்குத் திடீரெனவோ இத்தகைய தோற்றம் ஏற்பட்டால் தாமதியாது மருத்துவரை அணுக வேண்டும்.

படைத்தவன் எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. நம் பிள்ளை காணும் உலகம் நாம் காண்பதினின்று சற்றே வேறுபட்டிருந்தால், அதனைப் பழிக்காமல் கேட்டறியும் பக்குவத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.