கண்ணாடி போட்ட முற்றம்

ஜனவரி மாதத்து நண்பகலில் லே நகரத்து வீதியில் நின்றால் வெயில் பட்ட கன்னம் சுடும். நிழலில் இருக்கும் கால்விரல் விறைக்கும். லடாக்கில் இருக்கும் அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். குளிர்கால இரவுகளில் அங்கே வெப்பநிலை மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கும். ஆனால் வானம் பளிச்சென்று இருக்கும். ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் வெயில் அடிக்கும். மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டு முழுவதற்கும் 10 சென்டிமீட்டர் அளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில் விறகு கிடைப்பது அரிது. காய்ந்த சாணத்தை எரித்துத்தான் காலங்காலமாகக் குளிர்காய்ந்தார்கள். வெயிலோ வாசலில் கொட்டிக் கிடக்கிறது. அதனால் பலர் வீட்டின் தெற்குப் பக்கம் திறந்து கிடந்த முற்றத்துக்கு மரச்சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, ஓர் அறையாக மாற்றிக்கொண்டார்கள். ஷெல்காங் என்பார்கள் அதை. குளிர்காலப் பகலில் வீட்டின் மற்ற அறைகள் சில்லிட்டுக் கிடக்க, அங்கே மட்டும் அடுப்பே இல்லாமல் கதகதப்பாக இருக்கும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்ணாடி போடுவதற்கு முன்பும் அந்த முற்றத்தில் அதே வெயில்தான் விழுந்தது. சொல்லப்போனால் இப்போது விழுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. ஏனென்றால் கண்ணாடி ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெயில் குறைந்திருக்கிறது, சூடு கூடியிருக்கிறது. எப்படி?

திறந்த முற்றத்தில் என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். வெயில் தரையிலும் சுவரிலும் விழுகிறது. அவை சூடாகின்றன. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் சூடாகிறது. சூடான காற்று லேசானது, உடனே மேலே போய்விடும். அந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வரும். அதுவும் தரையிடம் சூட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். இதற்கு நடுவில் மலைக்காற்று வேறு வீசினால் கேட்கவே வேண்டாம். தரை பகல் முழுவதும் சூட்டைச் சம்பாதிக்கிறது, அந்தந்த நிமிடமே செலவழித்துவிடுகிறது. கண்ணாடி போட்டதும் வந்த காற்று வெளியே போக வழியில்லை. அதே காற்று திரும்பத் திரும்பத் தரையைத் தொட்டுச் சூடேறுகிறது.

கண்ணாடி இன்னொரு வேலையும் செய்கிறது. சூடான எந்தப் பொருளும், உங்கள் கை உட்பட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. சூரிய ஒளியைத் தாராளமாக உள்ளே விடும் கண்ணாடி, தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வரும் இந்தக் கதிர்களை நேராக வெளியே விடாது. தானே உறிஞ்சிக்கொள்ளும். இந்த இரண்டு வேலைகளில் எது பெரியது? இரண்டாவதுதான் முக்கியம் என்று பல புத்தகங்கள் எழுதின. 1909இல் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் வுட் அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினார்.

அவர் செய்தது நீங்களும் புரிந்துகொள்ளக்கூடிய எளிய சோதனை. கறுப்பு அட்டையில் இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு அதே தடிமனில் பாறை உப்புத் தகடு. உப்புத் தகட்டின் சிறப்பு என்னவென்றால், அகச்சிவப்புக் கதிர்கள் அதைத் தாராளமாகக் கடந்து போகும். ஆனால் காற்று போக முடியாது. கண்ணாடியின் இரண்டு வேலைகளில் ஒன்றை மட்டும் செய்யும் மூடி அது. சூரியனிடமிருந்து வரும் அகச்சிவப்பையும் உப்பு உள்ளே விட்டுவிடும் என்பதால், போட்டி நியாயமாக இருக்கட்டும் என்று வெயில் இரண்டு பெட்டிகளுக்குமே ஒரு கண்ணாடியைக் கடந்து வருமாறு வைத்தார். இரண்டிலும் வெப்பநிலை ஏறக்குறைய 55 டிகிரிக்கு ஏறியது. வித்தியாசம் ஒரு டிகிரிகூடத் தேறவில்லை! காற்றைப் போகவிடாமல் அடைப்பதுதான் கண்ணாடி அறையின் பெரிய வேலை என்று அதிலிருந்து தெரிந்தது. (பூமியைச் சூடாக்கும் ‘பசுமை இல்ல விளைவு’ பற்றிப் படித்திருப்பீர்கள். அங்கே வாயுக்கள் செய்வது அகச்சிவப்பு வேலையை. வளிமண்டலத்துக்கு மூடி கிடையாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் நடக்கும் விதம் வேறு.)

வுட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் கண்ணாடிப் பெட்டியோடு மலை ஏறியிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரத்து அறிஞர் ஒராஸ் பெனெடிக்ட் த சொஸ்யூர். 1767இல் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வெயிலில் வைத்தார். உள்பெட்டியின் சூடு 87 டிகிரியைத் தாண்டியது. பின்னால் செய்த பெட்டியில் நீர் கொதிக்கும் சூட்டையே தாண்டினார். அவர் மனதில் இருந்த கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: மலை உச்சி ஏன் குளிர்கிறது? அங்கே வெயிலுக்கே சக்தி குறைவா? பெட்டியை ஆல்ப்ஸ் மலையின் க்ராமோன் சிகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு கீழே சமவெளிக்கும் கொண்டுவந்தார். வெளிக்காற்றின் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம். பெட்டிக்குள் ஏறக்குறைய ஒரே சூடு. குளிர் காற்றில்தான் இருக்கிறது, வெயிலில் இல்லை! லே ஊர்க்காரர்களின் கண்ணாடி முற்றம் ஒவ்வொரு ஜனவரியிலும் இதையே செய்துகாட்டுகிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வெயில் வழியில் இழப்பதும் குறைவு.

கண்ணாடியை எந்தப் பக்கம் போடுவது என்பது அடுத்த கேள்வி. லடாக்கில் யாரைக் கேட்டாலும் தெற்கு என்பார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் லேயின் நண்பகல் சூரியன் தெற்கு வானில் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்படித் தாழ்வாக வரும் வெயில் செங்குத்தான கண்ணாடி வழியாக அறையின் பின்சுவர் வரை போய் விழும். ஜூன் கடைசி வாரத்தில் அதே சூரியன் 79 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும். அப்போது கண்ணாடிக்கு மேலே அரை மீட்டர் நீளத்துக்குக் கூரையை நீட்டியிருந்தால் போதும். இரண்டரை மீட்டர் உயரக் கண்ணாடி முழுவதும் நண்பகலில் நிழலுக்குள் வந்துவிடும். அதே அரை மீட்டர் கூரை டிசம்பரில் மேலே 30 சென்டிமீட்டரை மட்டும்தான் மறைக்கும். கோணமானியும் அளவுகோலும் எடுத்துத் தாளில் வரைந்து பாருங்கள், விடை சரியாக வரும். யாரும் போய்த் திறந்து மூட வேண்டியதில்லை. வேண்டாத காலத்தில் வெயிலை நிறுத்துவதையும் வேண்டிய காலத்தில் விடுவதையும் அந்தக் கூரை விளிம்பு தானாகவே செய்கிறது. கூரையையும் கண்ணாடியாலேயே வேய்ந்துவிட்டால் இந்த வசதி போய்விடும். கோடையில் சுடும், குளிர்கால இரவில் சூடு மேல்வழியாக ஓடும்.

இரவு வந்தால்தான் உண்மையான சிக்கல். கண்ணாடி மிக மோசமான சுவர். ஒற்றைக் கண்ணாடி வழியாக வெளியேறும் சூட்டில் பாதியளவுதான் நடுவில் காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடி வழியாகப் போகும். ஆனால் இரட்டைக் கண்ணாடியும் மண்சுவருக்கு ஈடாகாது. அதனால் சூரியன் இறங்கியதும் தடித்த திரையை இழுத்துவிடுகிறார்கள்.

அதோடு, பகலில் கிடைத்த சூட்டை எங்காவது சேர்த்துவைக்க வேண்டும். காற்றில் சேர்க்க முடியாது, அதன் கொள்ளளவு அவ்வளவு குறைவு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி குளிரும்போது வெளிவிடும் சூடு, ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கும்! தண்ணீர் அளவுக்கு இல்லாவிட்டாலும் மண்ணும் கல்லும் நிறையவே சூட்டைப் பிடித்துவைக்கும். லடாக் வீடுகளின் சுவர்கள் வெயிலில் காயவைத்த தடித்த மண்கற்களால் ஆனவை. கண்ணாடி அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சுவர் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, இரவில் மெல்ல மெல்ல உள்ளே விடும். தெற்கு வெயிலில் ஒரு தடித்த சுவர், அதற்கு முன்னால் சிறு இடைவெளி விட்டுக் கண்ணாடி என்று இதையே இன்னும் சுருக்கியும் கட்டலாம். பிரான்சின் ஒடேயோவில் 1967இல் ஃபெலிக்ஸ் த்ரோம்ப் என்பவர் அப்படிப்பட்ட வீட்டைக் கட்டினார். அவர் பெயரில் வழங்கும் த்ரோம்ப் சுவர் லடாக்கிலும் உண்டு.

லேக்கு அருகே ஃபே கிராமத்தில் செக்மோல் என்ற கல்வி அமைப்பின் வளாகம் இருக்கிறது. 1988இல் சோனம் வாங்சுக்கும் அவரைப் போன்ற லடாக் மாணவர்களும் தொடங்கியது அது. அங்கே மண்ணை இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். குளிர்காலம் வந்ததும் கட்டடத்தின் தெற்கு முகத்தில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, திறந்த இடத்தைச் சூடான அறையாக்குகிறார்கள். உள்ளே கீரையும் விளையும். கோடையில் தாளை எடுத்துவிடுவார்கள். அந்த மண் கட்டடத்துக்கு 2016இல் பிரான்சின் லியோன் நகரில் சர்வதேச டெர்ரா விருது கிடைத்தது.

செடி வைத்த கண்ணாடி அறையில் காலை வேளையில் கண்ணாடி முழுவதும் நீர் முத்து முத்தாக நிற்கும். இலைகள் வெளியிட்ட நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராவதுதான் அது. அது வடிந்து மரச்சட்டத்துக்குள் போனால் சட்டம் உளுத்துவிடும். அதனால் கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு வைப்பது நல்லது. வேண்டும்போது இரண்டையும் திறந்தால் ஈரக்காற்று மேல்வழியாகத் தானே வெளியேறும்.

நம் ஊரில் பால்கனிக்கு இப்படிக் கண்ணாடி போடலாமா? சென்னை, மதுரை மாதிரி ஊரில் வேண்டாம். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் இருக்கும் சூடு அங்கேயும் வரும். இன்னொன்று: ஜூன் கடைசியில் சென்னையின் நண்பகல் சூரியன் தெற்கில் இருக்காது, வடக்கு வானில் இருக்கும். லேக்குப் போட்ட கணக்கைச் சென்னைக்கு அப்படியே எடுத்துவர முடியாது.

ஆனால் சோதனையை இங்கேயே செய்யலாம். ஒரே அளவில் இரண்டு செருப்புப் பெட்டிகளை எடுங்கள். உள்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானி வையுங்கள். அதன் முனையில் நேராக வெயில் படாதபடி சின்ன அட்டையால் மறையுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது, அது ஏறத்தாழ 42 டிகிரியோடு நின்றுவிடும். பள்ளி ஆய்வகத்து வெப்பமானியை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு பெட்டியைத் தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். மற்றது திறந்தே இருக்கட்டும். இரண்டையும் காலை வெயிலில் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை ஏறி நின்றதும், ஒரு டேபிள் ஃபேனை இரண்டு பெட்டிகள் மேலும் ஒரே மாதிரி வீசவிடுங்கள். எந்தப் பெட்டியில் சூடு சட்டென்று இறங்குகிறது, எதில் கொஞ்சமாக இறங்குகிறது என்று பாருங்கள். அடுத்த நாள் மூடிய பெட்டிக்குள் ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரையும் வைத்து, நன்றாகச் சூடேறிய பிறகு நிழலுக்கு எடுத்துவந்து, ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள்.