பழைய கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்?

பெங்களூரில் எங்கள் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய தெருவில் ஓய்வு பெற்ற கார்டு ஒருவர் வசிக்கிறார். ஜோலார்பேட்டைக்காரர். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 2016-ல் வாங்கிய மடிக் கம்ப்யூட்டரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இனி இது உதவாதாம். கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். நாற்பதாயிரம் ரூபாயாம். பென்ஷன்காரன் எங்கே போவேன்?"

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இவ்வளவு பழைய இயந்திரத்தை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. அதுதான் லினக்ஸ்.

பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டது லினக்ஸ். அதை எஞ்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே எஞ்சினுக்குப் பின்னால் ஒவ்வொரு குழுவினரும் தங்கள் விருப்பப்படி பெட்டிகளைக் கோத்து, ஒரு பெயர் வைத்து, பெரும்பாலும் இலவசமாகவே விடுகிறார்கள். டெபியன், உபுண்டு, மின்ட், பெடோரா, ஆர்ச் என்று பெயர்கள் நூற்றுக்கு மேல் போகும். நம் நாட்டு சி-டாக் நிறுவனமும் பாஸ் என்ற பெயரில் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. இத்தனை பெயர்களைப் பார்த்தே பலர் மிரண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நான் கார்டு ஐயாவிடம் கேட்டது, வீட்டில் இதில் என்ன வேலை நடக்கிறது என்பதைத்தான். தமிழ்ப் பத்திரிகை படிப்பது, பென்ஷன் காகிதங்கள், பேரனோடு முகம் பார்த்துப் பேசுவது, அம்மாவுக்குப் பழைய சினிமா. அவ்வளவே. டாலியில் கணக்கு எழுதுகிறவராக இருந்தால் விண்டோஸை விட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

பெடோரா நல்லதுதான், ஆனால் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதங்களே ஆதரவு. அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க அவரால் ஆகாது. ஆர்ச் பொழுதுபோக்காகக் கற்க விரும்புவோருக்கு. 2024-ல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. கீழே இடது மூலையில் மெனு, விண்டோஸ் பழகியவருக்குக் கை தடுமாறாது. பயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் கூடவே வருகின்றன. அவருடையதில் 4 ஜி.பி. நினைவகமே இருந்ததால், மின்டிலேயே இலகுவான எக்ஸ்எப்சிஇ பதிப்பை எடுத்தோம்.

இதில் ஒரு வசதி. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். சுமார் 3 ஜி.பி. கோப்பை இறக்கி, ரூபஸ் போன்ற சிறு மென்பொருளால் 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்ப வேண்டும். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் ஒலி, கேமரா, வைபை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். சில இயந்திரங்களில் வைபை முதலில் கிடைக்காது. அப்போது செல்போனைக் கேபிளால் இணைத்து அதன் இணையத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நிறுவும்போது, வட்டை முழுதும் அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைச் சரியாகப் படிக்காமல் தட்டிவிட்டேன். தங்கையின் கல்யாணப் படங்கள் அத்தனையும் போயின. பிரதி எடுத்திருக்கவில்லை. அவள் ஒரு வாரம் பேசவில்லை. ஆகவே கார்டு ஐயாவின் படங்களையும் காகிதங்களையும் வேறு பென்டிரைவில் எடுத்து, திறந்து பார்த்த பிறகுதான் மேலே போனோம்.

பழைய வட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டதில்தான் வேகம் பெரிதும் கூடியது. இதை எந்த லினக்ஸின் பெருமையிலும் சேர்க்கக் கூடாது. தமிழில் தட்ட, ஐபஸ் கருவியோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினோம். தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது.

மொத்தச் செலவு அந்த எஸ்எஸ்டிக்கு மட்டுமே. பிரிண்டர்தான் இன்னும் வழிக்கு வரவில்லை. அதன் கம்பெனி லினக்ஸுக்கென்று எதுவும் தரவில்லை. பென்ஷன் காகிதத்துக்கு ஐயா இப்போது முனையிலுள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய் வருகிறார்.