உங்களுக்குத் தெரியுமா? ஒரு தெருவே பாடப் புத்தகம்

கருமிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடியில் காய்ப்பவை. பழுக்குமுன் பறித்துத் தோலோடு உலர்த்தினால் கறுப்பு. பழுத்ததை ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெள்ளை. மிளகு வணிகத்துக்குப் பேர்போன கொச்சி மட்டாஞ்சேரியில் பிள்ளைகளுக்கு இது ஒருநாள் அறிவியல் பாடமாகலாம். மறுநாள் வரலாறு: 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தின் தரையில் சீனத்திலிருந்து கப்பலேறி வந்த, கையால் வரைந்த ஓடுகள். அடுத்த நாள் கணக்கு: 1760இல் கட்டிய அதன் மணிக்கூண்டில் ரோமன், எபிரேயம் என முகத்துக்கு முகம் மாறும் எண்கள். அதற்கடுத்து இலக்கியம்: மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் ராமாயண ஓவியங்கள். அன்றாடப் பாடத்துக்கான பொருள் வாசலிலேயே இருக்கிறது.

இப்படிப் போனால் பாடத்திட்டம் முடியுமா என்பார்கள். பாடநூலை ஒதுக்கச் சொல்லவில்லை. இதற்குத் தினம் பத்து நிமிடம் போதும். கண்ணால் கண்ட எண்ணும் எழுத்தும் புத்தகத்தில் வரும்போது பிள்ளைக்கு அந்நியமாகத் தெரியாது. வெறும் துணுக்குகளால் அறிவு வளருமா என்றும் கேட்கலாம். கோக்கப்படாவிட்டால் வளராதுதான். ஆனால் வைத்தியர் இட்டி அச்சுதன் போன்றோர் ஒவ்வொரு செடியாய்ச் சொன்ன உள்ளூர் அறிவுதான் தொகுக்கப்பட்டு, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்ற பெயரில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறியது. சிறு துளிதான், சேர்த்தால் பெருவெள்ளம்.