திரும்பும் தேதி இல்லாத விருந்து

மாமனார், மாமியார் வந்து மாதக்கணக்கில் தங்குவது கேரள எல்லைக் கிராமங்களில் சகஜம். யார் எத்தனை நாள் தங்கலாம் என்ற பழைய வழக்கங்கள் போய்விட்டன. புதியவற்றை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

பையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். களியக்காவிளையில் பஸ் மாறி வந்து இறங்கும் மாமனார், மாமியாரின் கையில் இரண்டு மாற்றுத் துணியும் ஒரு சீப்பு பழமும் இருந்தால் இரண்டு நாள். மருந்து டப்பா, போர்வை, கண்ணாடிக் கூடு, பழைய எக்ஸ்ரே கவர், பென்ஷன் புத்தகம் எல்லாம் வந்து சேர்ந்தால் கணக்கு வேறு. வாசலில் நிற்கும் மருமகளுக்கு அது புரிந்துவிடும். "வாங்க, வாங்க" என்பார். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. வந்தவர்களும் சொல்வதில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்கும் மகனோ பையை உள்ளே எடுத்துப் போவதில் மும்முரமாகிவிடுவார்.

ஆரியங்கோடு, பெருங்கடவிளை, வெள்ளறடை, பாறசாலை ஆகியவை ரப்பரும் மரச்சீனியும் விளையும் ஊர்கள். கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கும் இந்தப் பகுதியில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த காட்சி. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாகாணத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. அப்பா குமரி மாவட்டத்துக்காரர், அம்மா நெய்யாற்றின்கரைக்காரர் என்ற வீடுகளில் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆச்சியிடம் தமிழும் பேசி வளர்கிறார்கள். இங்கே பிறந்த வீடும் புகுந்த வீடும் இரண்டு மாநிலங்களில் இருந்தாலும் இடைவெளி பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேர பஸ் பயணம்தான்.

சிக்கலே அந்த அருகாமையில்தான் தொடங்குகிறது. பேரப்பிள்ளை பார்க்க அமெரிக்கா போகும் அம்மாவுக்குத் திரும்பும் தேதி உண்டு. சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு அங்கே வழக்கமாக ஒரு தடவைக்கு ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கிறது. டிக்கெட்டிலும் தேதி அச்சாகியிருக்கும். மார்த்தாண்டத்தில் இருந்து வரும் அம்மாவுக்கு விசா இல்லை, ரிட்டர்ன் டிக்கெட் இல்லை. நினைத்தால் நாளைக்கே போகலாம் என்பதால் போகும் நாளே குறிக்கப்படுவதில்லை.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. இப்போது பல வீடுகளில் மருந்துக்காகவே விருந்து வருகிறது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம், இதய நோய்க்கும் நரம்பு நோய்க்கும் பெயர் பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவற்றுக்குக் குமரி மாவட்டத்தில் இருந்து போகிறவர்கள் ஏராளம். நெய்யாற்றின்கரையில் இருந்து தலைநகர் சுமார் 20 கிலோமீட்டர். மகனோ மகளோ நடுவழியில் வீடு கட்டியிருக்கும்போது லாட்ஜில் தங்குவார்களா? முதல் பரிசோதனை, முடிவு வர ஒரு வாரம், அறுவை சிகிச்சை, தையல் பிரிக்க இன்னொரு நாள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப் என்று விருந்து நீண்டுவிடும்.

இரண்டாவது காரணம் குழந்தை. தலைப்பிரசவம் பெண்ணின் பிறந்த வீட்டில் என்பது எல்லைக்கு இரு பக்கமும் உள்ள வழக்கம். இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டி, பிறகு ஒரு நல்ல நாளில் தாயும் சேயும் திரும்புவார்கள். உண்மையான நெருக்கடி அதற்குப் பின்னால் வருகிறது. 2017இல் மகப்பேறு சலுகைச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 27ஆவது வாரம் தொட்டிலை ஆட்டுவது யார்? மாமியாருக்குப் போன் போகும். இப்படி வருகிறவர் உண்மையில் விருந்தாளி அல்ல. காலை ஐந்தரைக்கு எழுந்து, பால் காய்ச்சி, குழந்தையைக் குளிப்பாட்டி, மாலை மருமகள் பஸ் இறங்கும்வரை நிற்காமல் ஓடுகிறவர். ஆனால் அவரை 'வந்திருக்கிறார்' என்றுதான் வீடு சொல்கிறது. உழைப்புக்கு நன்றியும் இல்லை, விருந்தாளிக்குரிய ஓய்வும் இல்லை. மனஸ்தாபம் அங்கே முளைக்கிறது.

மூன்றாவது காரணத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதே இல்லை. மாமனார் இறந்த பிறகு தனியாக இருக்கும் மாமியார் "கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன்" என்று வருகிறார். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஓடு சரிகிறது. திரும்பிப் போக அவருக்கு இடமில்லை என்பது அவருக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். வெளிப்படையாகச் சொல்ல இருவருக்கும் துணிச்சல் இல்லை. அவர் நிரந்தரமாகவே குடிவந்துவிட்டார். வீடு மட்டும் அதை இன்னும் விருந்து என்கிறது. பாதிச் சண்டைகளுக்கு இந்தப் பெயர்க் குழப்பம் போதும். விருந்தாளி என்றால் அடுக்களையில் கை வைக்கக் கூடாது. வீட்டு ஆள் என்றால் வைக்கலாம். அவர் யார் என்பது முடிவாகாதவரை தீயலுக்கு எவ்வளவு புளி என்பதுகூட வழக்காகிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் கேரளத்தில் 12.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், நாட்டின் சராசரி 8.6. அப்போதே இந்த இரு மாநிலங்களும் முன்னால் நின்றன. இப்படி வருகிறவர்கள் இனி கூடத்தான் போகிறார்கள்.

யார் வீட்டில் யார் விருந்தாளி என்பது இந்த மண்ணில் ஒரு காலத்தில் தெளிவாகவே இருந்தது. சாதிக்கு ஒரு விதி. மருமக்கத்தாயம் நடந்த நாயர் தறவாடுகளில் பெண் பொதுவாகப் பிறந்த வீட்டுக்கு உரியவர். வந்து போகிறவர் கணவர்தான். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் முட்டிக்கொள்ளும் சந்தர்ப்பம் குறைவு. பக்கத்து நாடார் வீட்டில் மக்கத்தாயம். பெண் கணவன் வீட்டுக்குப் போவார். பெண்ணைப் பெற்றவர்கள் அங்கே அடுக்களை காணலுக்கும் விசேஷத்துக்கும் போய், அன்றே திரும்புவதுதான் கௌரவம். தென்கிழக்கே நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இரண்டும் கலந்த ஏற்பாடு. மனைவி வாழ்வது கணவன் வீட்டில். சொத்தில் பெரும்பங்கு போவதோ கணவனின் சகோதரி மகனுக்கு. மாமியாரும் நாத்தனாரும் உரிமைக்காரர்கள்; மனைவியோ நீண்ட காலம் தங்கிய விருந்தாளி போல. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதியது இந்த அவலத்தைப் பற்றித்தான். ஒரு மனைவியின் புலம்பலாக அமைந்த அந்த நையாண்டிக் காவியத்தில் 'மாமி அரசியற் படலம்' என்று தனிப் படலமே உண்டு.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. திருவிதாங்கூரில் 1912இலும் 1925இலும் நாயர் சட்டங்கள், 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம். கேரளத்தில் 1976இல் அமலுக்கு வந்த சட்டம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் தந்தையின் சொத்தில் சம பங்கு என்றாயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 1989இலேயே இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005இல் அது நாடு முழுவதற்குமானது.

உரிமையோடு கடமையும் வந்தது. வசதியுள்ள மகள், திருமணமானவராக இருந்தாலும், ஆதரவற்ற பெற்றோரைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் இருவரையும் ஒரே வரியில் வைக்கிறது. அதில் பெற்றோர் முறையிட வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவிடலாம். மருமகளும் மருமகனும் அந்தச் சட்டத்தின் 'பிள்ளைகள்' பட்டியலில் இல்லை. அவர்களையும் சேர்க்க 2019இல் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை.

சட்டம் மாறிய அளவுக்கு வீட்டு வாசல் மாறவில்லை. கணவனின் பெற்றோர் ஆறு மாதம் தங்கினால் அது மகன் வீடு. யாரும் நாள் எண்ணுவதில்லை. மனைவியின் பெற்றோர் ஆறு நாள் தங்கினால் அக்கம்பக்கம் எண்ணத் தொடங்கிவிடும். அதைவிட, அவர்களே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். மகள் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டினாலும் "மாப்பிள்ளை வீட்டில் எத்தனை நாள்" என்ற கூச்சம் போவதில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாளே பஸ் ஏறும் அப்பாக்கள் இருக்கிறார்கள். நீண்ட தங்கலின் சுமையைப் பற்றிப் பேசும்போது இந்தக் குறுகிய தங்கலின் அநியாயத்தையும் பேசத்தான் வேண்டும்.

சுமை யார் தலையில் விழுகிறது என்பதிலும் சந்தேகமில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம். வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். வீட்டில் இரண்டு பேர் கூடினால் கூடும் வேலை எந்தக் கணக்கில் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமனாருக்கு உப்புக் குறைத்த கறி, மாமியாருக்குச் சர்க்கரை நோய்க்கான பத்தியம், பிள்ளைகளுக்குத் தனி, கணவருக்கு டிபன் பாக்ஸ். ஒரே அடுப்பில் நான்கு சமையல். ஒரே ஒரு குளியலறை இருக்கும் வீட்டில் காலை ஏழரை மணி நேரத்து வரிசையே ஒரு நாளின் மனநிலையைத் தீர்மானித்துவிடும். எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. முப்பது வருடம் தன் அடுக்களையை ஆண்ட ஒரு பெண்மணி, உப்பு டப்பா எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நிற்கிறார். டிவி ரிமோட் அவர் கையில் இல்லை. பேச்சுத் துணை இல்லை. "சும்மா இருங்கள் அம்மா" என்ற வார்த்தை மரியாதைக்குத்தான் சொல்லப்படுகிறது; கேட்கிறவருக்கு அது வேறு மாதிரிப் படுகிறது.

சமாளிக்கிற வீடுகள் எப்படிச் சமாளிக்கின்றன? ரகசியம் எதுவும் இல்லை. பெற்றவரிடம் பேச வேண்டியதைப் பெற்ற பிள்ளையே பேசுகிறார். மகன் வாய் திறக்காத வீட்டில் அவர் சொல்ல வேண்டியதை மருமகள் சொல்ல நேர்கிறது, சொன்னவர் கெட்டவராகிவிடுகிறார். மனைவியின் பெற்றோர் விஷயத்தில் மகளே பேசுவதுதான் முறை. அடுத்தது தேதி. "அம்மா, ஓணம் வரை இங்கே இருங்கள், பிறகு தங்கச்சி வீட்டில் இரண்டு மாதம், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகலாம்" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால், ஓணம் வரை இருப்பவருக்கும் நிம்மதி, வைத்திருப்பவருக்கும் நிம்மதி. தேதி நீளலாம், இல்லாமல் இருக்கக் கூடாது.

பணமும் அப்படித்தான். மருந்துச் செலவை எந்தப் பிள்ளை எவ்வளவு தருவது என்று உடன்பிறந்தவர்கள் முன்கூட்டியே பேசிக்கொண்டால், தங்க வைத்தவர் மேல் இரட்டைச் சுமை விழாது. ஒரு பிள்ளை இடம் கொடுத்தால் மற்றவர் பணம் கொடுக்கலாம். பென்ஷன்காரர்கள் வாழ்நாள் சான்றுக்காக மட்டும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 2014இல் வந்த ஜீவன் பிரமாண் முறையில் சேர்ந்திருக்கும் பென்ஷன்களுக்கு, இருக்கும் ஊரிலிருந்தே விரல் ரேகை வைத்து அனுப்பிவிடலாம். அடுக்களையில் ஒரு வேளையைப் பெரியவருக்கே விட்டுவிடுவது இன்னொரு வழி. மாலைக் காப்பியும் மரச்சீனியும் மாமியார் பொறுப்பு என்றால் அந்த நேரத்தில் மருமகள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. புளி கூடினாலும் சரி.

நிரந்தரமாகவே வந்துவிட்டவர் என்றால் அதைச் சொல்லிவிடுவதுதான் எல்லோருக்கும் மரியாதை. "இனி இதுதான் உங்கள் வீடு" என்ற வாக்கியத்துக்குச் சில காரியங்களும் துணை வேண்டும். அவருக்கென்று ஒரு அலமாரி, அதன் சாவி, கட்டிலுக்கு ஒரு நிலையான இடம். பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டை என்ன செய்வது என்ற பேச்சும் அவர் முன்னிலையில், அவர் சம்மதத்தோடு நடக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற பெற்றோருக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்தச் சட்டம் வந்த பிறகு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். அதே சமயம், முதியோர் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருமகளின் குடியிருக்கும் உரிமையைப் பறித்துவிட முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தெளிவாக்கியது. ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கும் இடம் உண்டு என்பதுதான் இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் அர்த்தம். அந்த அர்த்தத்தைத் தீர்ப்பாயம் வரை போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

களியக்காவிளையில் இருந்து பஸ்கள் வந்துகொண்டேதான் இருக்கும். பெரிய பைகளும் இறங்கும். வாசலில் நிற்கிறவர் பையை வாங்கிக்கொள்ளும்போதே, எத்தனை நாள் என்று மகன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டால் போதும். வந்தவரும் தைரியமாகப் பதில் சொல்வார். அந்தப் பதில் "இனி இங்கேதான்" என்றும் இருக்கலாம்.