ஓர் எழுத்து மாறியதால் வந்த நோய்

மனித உயிரணுவின் உட்கருவில் மரபணுக்களாகிய ஏடு இருக்கிறது. அவ்வேட்டிலிருந்து புரதம் நேரே உண்டாவதில்லை. முதலில் ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படுகிறது. அப்படியில் புரதத்திற்கு வேண்டிய பகுதிகளுக்கிடையே வேண்டாத நீண்ட பகுதிகள் விரவிக் கிடக்கும். வேண்டாதவற்றை வெட்டி எறிந்து, எஞ்சியவற்றை முறைப்படி ஒட்டிய பின்னரே அது பயன்படும் செய்தியாகிறது. இதனை 1977 இல் ரிச்சர்டு ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்தனர். 1993 இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

வெட்டியொட்டும் பணியைச் செய்வது புரதமும் சிற்றளவான ஆர்.என்.ஏ.யும் சேர்ந்த கருவியாகும். அக்கருவியின் உறுப்புகளைப் பூட்டித் தரும் புரதங்களுள் ஒன்று எஸ்.எம்.என். என்பது. அதனை ஆக்கும் எஸ்.எம்.என்.1 மரபணு ஐந்தாம் குரோமோசோமில் உள்ளது. தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரண்டு படிகளும் கெட்டுப்போன குழந்தைக்குத் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள் மடிகின்றன, தசைகள் நலிகின்றன. கடுமையான வகையில் குழந்தை தானே உட்கார்வதில்லை. மூச்சுத் தசைகளும் தளர்வதால், மருத்துவம் இல்லாதவழி பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. 1891 இல் ஆஸ்திரிய மருத்துவர் வெர்ட்னிக் என்பார் இந்நோயை விளக்கினார். மரபணுவை இனங்கண்டவர்கள் 1995 இல் பாரிஸில் ஆய்ந்த ஜூடித் மெல்கி குழுவினர். பெற்றோர் இருவரும் நோயின்றியே கெட்ட படியைத் தாங்கியிருக்கக்கூடும். அவர்கள்தம் ஒவ்வொரு மகவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

வியப்பு இனித்தான். இம்மரபணுவுக்கு அருகிலேயே எஸ்.எம்.என்.2 என்னும் இரட்டை ஒன்று உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்க வேண்டுமன்றோ? கொடுப்பதில்லை. ஏழாம் பகுதியில் 'சி' இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'டி' இருக்கிறது. இம்மாற்றத்தால் புரதத்தின் பொருள் சிறிதும் திரிவதில்லை. இரண்டும் ஒரே அமினோ அமிலத்தையே குறிப்பன. ஆயின் அவ்வெழுத்து, 'இப்பகுதியைச் சேர்த்துக்கொள்க' என்று வெட்டியொட்டும் கருவிக்குக் காட்டும் அடையாளத்தின் ஓர் உறுப்பு. அடையாளம் சிதையவே, பெரும்பாலான படிகளில் ஏழாம் பகுதி விடுபட்டுப் போகிறது. அரைகுறைப் புரதம் விரைவில் அழிகிறது. பொருள் கெடாத பிழையைப் பிழையென்று எண்ணாதார் இதனை நோக்குதல் நன்று. இருப்பினும், சிறிதளவு முழுப்புரதம் இரட்டையிடமிருந்து கிடைக்கவே செய்கிறது. அது எத்தனை படிகளாக இருக்கிறதோ அத்தனைக்குப் பெரும்பாலும் நோயின் கடுமையும் தணிகிறது.

மருந்துக்கு வழி திறந்ததும் இவ்விடத்தில்தான். அமெரிக்காவில் ஏட்ரியன் கிரெய்னர் முதலிய ஆய்வாளர்கள், ஏழாம் பகுதியை ஒதுக்கச் செய்யும் இடத்தை ஒரு சிறு செயற்கைத் துண்டால் மூடி, எஸ்.எம்.என்.2 ஐயே முழுப்புரதம் ஆக்கச் செய்தனர். நுசினெர்சென் எனும் அம்மருந்து 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனை முதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் ஊசி வழியே செலுத்துவர். தொடக்கத் தவணைகளுக்குப்பின் நான்கு திங்களுக்கு ஒருமுறை வேண்டும். நல்ல மரபணுவையே உடலிற் புகுத்தும் மருத்துவம் 2019 இல் வந்தது. அதன் விலை இருபது இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் என்பது எளியோர்க்கு இடியாகும். வாய்வழி உண்ணும் ரிஸ்டிப்லாம் 2020 இல் வந்தது.

எனினும் மடிந்த நரம்பணு மீள்வதில்லை. ஆதலால் பிறந்த சில நாளிலேயே குருதித் துளியைச் சோதித்து நோயறிதல் பல நாடுகளில் நடைபெறுகிறது. நோய்க்குறி தோன்றுமுன் மருந்து பெற்ற குழந்தைகளுட் பலர் தாமே எழுந்து நடந்துள்ளனர்.